டீக்காசு வாஷரில் மிச்சம் பிடித்தால் என்ஜினுக்கே வேட்டு!

(நமது நகர நிருபர்)

கொலை, கொள்ளை, செயின் பறிப்பு, குடிநீர்க் குழாய் உடைப்பு. தினமும் இவற்றை எழுதித்தான் எனக்குச் சோறு. இன்று எழுதப் போவது ஒரு வாஷரைப் பற்றி!

"என்னப்பா இது, வேற செய்தியே கிடைக்கலையா?" என்று சிரிக்காதீர்கள். கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் அது இருக்கும். நடுவில் ஓட்டை. விலை ஒரு டீ, ஒரு வடைக் காசு. அதை மாற்றாமல் விட்டதால் ஒருவருடைய பிழைப்பு நடுரோட்டில் நின்று போனதை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி 10 மணி

சில வாரங்களுக்கு முன்பு ஒரு நாள். ராத்திரி 10 மணி இருக்கும். "வடபழனி தாண்டி 100 அடி ரோட்டில் மொபெட் கவிழ்ந்து ஒருவர் விழுந்து கிடக்கிறார்" என்று தகவல் வந்தது. பைக்கை எடுத்துக் கொண்டு ஓடினேன்.

விழுந்தவர் ஒரு பூ வியாபாரி. காலிக் கூடையோடு கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்க் கொண்டிருந்தவர். முழங்கால் கிழிந்து ரத்தம். நல்ல வேளை, உயிருக்கு ஆபத்து இல்லை.

"வண்டி தானா வழுக்கிட்டுப் போச்சு சார். பிரேக்கே பிடிக்கலை" என்று நடுங்கிக் கொண்டே சொன்னார்.

கீழே பார்த்தேன். ரோட்டில் ஈரமாக ஒரு கோடு. தெருவிளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அங்கே நின்ற போலீஸ் ஏட்டு குனிந்து விரலால் தொட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ஜின் ஆயில். அதுவும் புது ஆயில் மாதிரி இருக்கு. கறுக்கவே இல்லை பாருங்க" என்றார்.

அதுதான் முதல் தடயம்!

ரோட்டில் மணல் கொட்ட ஏற்பாடு செய்துவிட்டு, ஏட்டையா என் பைக்கின் பின்னால் ஏறிக் கொண்டார். கோட்டைப் பிடித்துக் கொண்டே போனோம். போகப் போகக் கோடு மெலிந்தது. பொட்டுப் பொட்டாக ஆனது. அப்புறம் அதுவும் இல்லை. அதற்கும் அப்பால், அரும்பாக்கம் பக்கம், ஓரமாக ஒரு கால் டாக்சி நின்றது. பக்கத்தில் பிளாட்பாரத்தில் தலையில் கை வைத்தபடி டிரைவர்.

சென்ட்ரலுக்குப் போக வேண்டிய சவாரி. குடும்பத்தோடு வந்தவர்கள் ஆட்டோ பிடித்து ஓடி விட்டார்களாம். ரெயில் கிடைத்ததோ இல்லையோ!

"மூணு நாள்தான் சார் ஆச்சு!"

டிரைவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சொந்த வண்டி. ஆனால் பாதிதான் சொந்தம். மீதி டியூவில் ஓடுகிறது.

"மூணு நாள் முன்னாடிதான் சார் ஆயில் மாத்தினேன். நல்ல ஆயில், நல்ல ஃபில்டர் வாங்கிக் குடுத்தேன். இப்படி ஆயிடுச்சே!" என்று அழாத குறை.

மெல்ல மெல்ல விசாரித்ததில் முழுக் கதையும் வெளியே வந்தது.

ரோட்டோர ஷெட் ஒன்றில் ஆயில் மாற்றியிருக்கிறார். மறுநாள் காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் எட்டணா அளவுக்கு ஆயில் பொட்டு. திரும்பவும் ஷெட்டுக்குப் போனார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தார். போல்ட்டுக்கு இன்னும் ஒரு சுற்று கொடுத்தார். "இனிமே ஒழுகாது, போங்க" என்றார்.

ஒழுகல் நின்ற மாதிரிதான் இருந்தது. இவரும் சந்தோஷமாகப் போய் விட்டார்.

மூன்றாம் நாள் ராத்திரி, 100 அடி ரோட்டில் சவாரியோடு போகும்போது, டேஷ் போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம். "ரெயிலுக்கு நேரமாச்சு, இறக்கி விட்டுட்டுப் பார்த்துக்கலாம்னு ஓட்டினேன் சார்" என்றார். கொஞ்ச தூரத்தில் "டக் டக்" என்று சத்தம். அப்புறம் ஒரே இழுப்பு. என்ஜின் நின்று விட்டது. சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை.

என்ஜின் பிடித்துக் கொண்டது!

தடயம் சிக்கியது

கோடு ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வந்தோம். ஏட்டையாவின் டார்ச் வெளிச்சத்தில், ரோட்டு ஓரக் குப்பையில், பளிச்சென்று ஏதோ தெரிந்தது. எடுத்தால் ஒரு போல்ட்!

என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்குச் 'சம்ப்' என்று பெயர். பழைய ஆயிலைக் கீழே இறக்குவதற்காக அதன் அடியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கும் போல்ட்தான் இது. டிரெயின் போல்ட் என்பார்கள்.

போல்ட்டின் மரையில் வெள்ளி நூல் சுற்றிய மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. போல்ட்டின் தலைக்கு அடியில் ஒரு வாஷர் ஒட்டிக் கொண்டிருந்தது. நசுங்கி, காகிதம் போல மெலிந்து, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்த பழைய வாஷர்.

குற்றச் செய்தி எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போல்ட்டைப் பொட்டலம் கட்டிக் கொண்டேன்.

பெரியவர் சொன்னது

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். என்ஜினீயர் அல்ல. அதனால் மறுநாள் காலையில் ஜி.பி. ரோடு பக்கம் போனேன். உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் ரோடு என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு சந்தில் பல வருஷமாக ஷெட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அம்பாசடர் காலத்து ஆள். போல்ட்டைக் கையில் வாங்கினார். ஒரு திருப்புத் திருப்பினார்.

"தம்பி, இந்த வெள்ளி நூல் என்னன்னு தெரியுதா? சம்ப்போட மரை. அலுமினியம். போல்ட்டு இரும்பு. அளவுக்கு மேல திருகினா இரும்பு ஜெயிக்கும், அலுமினியம் தோக்கும். மரையை அப்படியே உரிச்சிக்கிட்டு வந்திருக்கு" என்றார்.

"அப்படி ஏன் ஐயா திருகினாங்க?"

"ஒழுகிச்சு, திருகினாங்க. ஏன் ஒழுகிச்சு? வாஷரைப் பார். எத்தனை தடவை நசுங்கினதோ!"

அப்புறம் அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதுசு. உங்களில் பல பேருக்கும் புதுசாக இருக்கும்.

"ஆயிலை மரை தடுக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. மரை புடிச்சு இழுக்கும், அவ்வளவுதான். ஆயிலைத் தடுக்கறது வாஷர். புது வாஷர் இளசா இருக்கும். டைட் வைக்கும்போது அது நசுங்கி, போல்ட்டு முகத்துலயும் சம்ப்பு முகத்துலயும் இருக்கிற மேடு பள்ளத்தை எல்லாம் அடைச்சிக்கும். ஒரு தடவை நசுங்கினது நசுங்கினதுதான். இறுகிப் போயிடும். மறுபடி அடைக்கச் சொன்னா எப்படி அடைக்கும்?"

சப்பாத்தி மாவு மாதிரி. பிசைந்த மாவை எந்தப் பள்ளத்திலும் அமுக்கி அடைக்கலாம். சுட்ட சப்பாத்தியை அமுக்க முடியுமா? அவ்வளவுதான் விஷயம்!

"நான் பழசுதான் போடறேன், ஒழுகலையே?"

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரியவரிடமே கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"நானே போட்டிருக்கேன் தம்பி. அம்பாசடருக்குச் செம்பு வாஷர் வரும். பழசை நெருப்புல சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா மறுபடி இளகிடும். இரும்புக்கு அப்படியே உல்டா. இரும்பைக் காய்ச்சித் தண்ணியில போட்டா இறுகும், செம்பு இளகும். அப்ப ஊருக்கெல்லாம் அப்படித்தான் ஓட்டினோம். ஆனா காய்ச்சாம போட மாட்டோம். இப்ப நிறைய காருக்கு அலுமினிய வாஷர். அதை அடுப்புல வெச்சா உருகி ஒழுகிடும். அதனால பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போட வேண்டியதுதான்."

செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதுவும் செம்பு போலச் சிவந்து எச்சரிக்கை காட்டாது. பெரியவர் சொன்னது சரிதான்.

அவர் சொன்னதில் முக்கியமான விஷயம் இன்னொன்று. பழைய வாஷர் போட்டால் அன்றைக்கே ஒழுக வேண்டும் என்பது இல்லை. அன்றைக்கு ஒழுகாது. அதுதான் ஆபத்தே!

எப்படி என்று பாருங்கள். முதல் தடவை புது வாஷர். லேசாக டைட் வைத்தாலே போதும். இரண்டாவது தடவை அதே வாஷர். கொஞ்சம் கூடுதலாகத் திருகினால்தான் நிற்கும். மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம். நான்காவது தடவை ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் திருகுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது சம்ப்பின் மரை. வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மரை கையை விரித்துவிடும்.

முதல் தடவை மிச்சம் பிடித்தவர் ஒருவர். கடைசியில் மாட்டிக் கொள்பவர் இன்னொருவர். பழைய கார் வாங்குகிறவர்களே, கவனியுங்கள்! முன்பு வைத்திருந்தவர் மிச்சம் பிடித்த டீக்காசுக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டி வரும்.

எவ்வளவு டைட்?

"நல்லா டைட்டா வையுப்பா" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அதுவும் தப்பு.

பல சின்ன கார்களின் டிரெயின் போல்ட்டுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 35, 40 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். அது என்ன கணக்கு? ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 12, 13 கிலோ எடையைத் தொங்க விட்டால் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவுதான். பத்து கிலோ அரிசிப் பையை விடக் கொஞ்சம் அதிகம். பீமசேனன் பலம் தேவையே இல்லை! புது வாஷர் இருந்தால் இந்த அழுத்தத்திலேயே ஒரு சொட்டு ஒழுகாது.

டார்க் ரெஞ்ச் என்று ஒரு ஸ்பேனர் உண்டு. வைத்த அளவு வந்ததும் "டக்" என்று சொல்லிவிடும். எல்லா ஷெட்டிலும் இது இருக்காது. அனுபவப்பட்ட கைக்கு அளவு தெரியும். ஆனால் அந்தக் கைக்கும் புது வாஷர் வேண்டும். இறுகிப் போன வாஷரில் கையின் கணக்கு தப்பிவிடும்.

யார் குற்றவாளி?

டிரைவர் சொன்ன ஷெட்டுக்கும் போனேன். பெயர் வேண்டாம். மெக்கானிக் இளைஞர். என் வயதுதான் இருக்கும். முதலில் முறைத்தார். அப்புறம் மனம் விட்டுப் பேசினார்.

"சார், வாஷர் மாத்தணும்னு எனக்குத் தெரியாதா? முப்பது ரூபா சேர்த்துப் போட்டா, 'இது என்னா, இது எதுக்கு'ன்னு சண்டைக்கு வர்றாங்க. 'போன தடவை போட்டவன் கேட்கலையே'ன்னு சொல்றாங்க. கடைக்கு ஓடி, இந்த வண்டிக்கு என்ன சைஸ்னு தேடி வாங்கி வர்றதுக்குள்ள அரை மணி போயிடுது. கூலியே எரநூறு ரூபா. நான் என்ன சார் பண்றது?"

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா? நான் பைக் வைத்திருக்கிறேன். பைக் என்ஜினின் அடியிலும் ஒரு டிரெயின் போல்ட் உண்டு. அதற்கும் வாஷர் உண்டு. என்ஜின் கூடும் அலுமினியம்தான். எத்தனை தடவை ஆயில் மாற்றியிருப்பேன்! ஒரு தடவையாவது "வாஷர் மாத்தினீங்களா?" என்று கேட்டேனா? கேட்டதே இல்லை. ஆயில் டப்பாவை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வேன். நானும் இந்தக் குற்றத்தில் கூட்டாளிதான்!

அதற்காக மெக்கானிக்கை விட்டுவிட முடியுமா? முடியாது. ஒழுகுகிறது என்று திரும்பி வந்த வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் "இன்னொரு சுற்று" கொடுத்தாரே, அது பெரிய தப்பு. வந்தவரிடம், "ஆயிலை இறக்கி, வாஷரை மாத்தினால்தான் சரியாகும்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆயிலைச் சுத்தமான தட்டில் இறக்கினால் மறுபடி ஊற்றிக் கொள்ளலாம். அரை மணி வேலை. ஒரு வாஷர் செலவு. அத்தோடு போயிருக்கும்.

வாடிக்கையாளருக்குச் சொல்லத் தயங்குகிற மெக்கானிக், காசு கொடுக்க முணுமுணுக்கிற வாடிக்கையாளர். இந்த இருவருக்கும் நடுவில் நசுங்குவது அந்த வாஷர்!

பில் எங்கே?

டிரைவர் நஷ்டம் கேட்டாரா? கேட்டார். "நான் நல்லாத்தான் மாட்டினேன். நீ எங்கேயாவது கல்லுல இடிச்சிருப்பே" என்று பதில் வந்தது. பில் இருக்கிறதா? இல்லை. என்ன போட்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. யார் பக்கம் நியாயம் என்று யார் சொல்வது?

போலீசில் எத்தனையோ புகார்கள் இப்படித்தான் செத்துப் போகின்றன. சாட்சி இல்லை, சீட்டு இல்லை.

வேலைக்குக் காசு வாங்கிக் கொண்டு பில் தராமல் இருப்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இந்தச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. ரூ.5 லட்சம் வரை உள்ள விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் சொல்லலாம். ஆனால் கையில் பில் இல்லாமல் போய் நின்றால் என்ன நடக்கும்?

ரோட்டோர ஷெட்டில் கம்ப்யூட்டர் பில் கேட்கச் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதம் போதும். தேதி, வண்டி எண், ஆயில், ஃபில்டர், வாஷர். கீழே ஒரு கையெழுத்து. 'வாஷர்' என்று எழுதுகிற கை, வாஷரைப் போடாமல் விட யோசிக்கும்!

பெரிய சர்வீஸ் நிலையத்துக்குப் போகிறவர்களும் பில்லைப் பார்க்காமல் மடித்து வைக்காதீர்கள். 'கேஸ்கட்' என்றோ 'வாஷர்' என்றோ ஒரு வரி இருக்கும். இருந்தால், பழசைக் கேளுங்கள். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

சிவப்பு விளக்கு

டிரைவர் மேலும் ஒரு தப்பு உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினார்.

ஆயில் கொஞ்சம் குறைந்தால் எரிகிற விளக்கு அல்ல அது. என்ஜினுக்குள் ஆயிலின் அழுத்தம் விழுந்து விட்டால் எரிகிற விளக்கு. உள்ளே கிராங்க் தண்டு நேரடியாக பேரிங்கில் உரசுவது இல்லை. நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அதன் மேல்தான் மிதந்து சுற்றுகிறது. அந்தப் படலம் போனால் இரும்போடு இரும்பு. சூடு ஏறும். ஒட்டிக் கொள்ளும். கதை முடிந்தது.

அதனால் ஓடும் போது அந்த விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை, அடுத்த சிக்னல் வரை என்று கணக்குப் போடாதீர்கள். ஓரம் கட்டுங்கள். சாவியைத் திருப்பி அணையுங்கள். மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். கீழே குனிந்து பாருங்கள். ரெயில் போனால் அடுத்த ரெயில் உண்டு!

அன்றைக்கு அவர் அங்கேயே அணைத்திருந்தால், சம்ப்புக்குச் சில ஆயிரம் ரூபாயோடு போயிருக்கும். பத்து நிமிஷ ஆசையில் என்ஜினையே பிரிக்க வேண்டியதாகி விட்டது. அரை லட்சத்துக்கு மேல் செலவு என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதா மாதம் டியூ நிற்காது.

ஊருக்கும் ஆபத்து

"என் வண்டி, என் என்ஜின், உனக்கென்ன?" என்று யாரும் கேட்க முடியாது. அந்தப் பூ வியாபாரி என்ன பாவம் செய்தார்? அவருக்குக் காரும் இல்லை, வாஷரும் இல்லை. முழங்கால்தான் இருந்தது. அதுவும் கிழிந்தது!

ஒழுகுகிற வண்டி ஒவ்வொன்றும் போகிற வழியெல்லாம் பொட்டு வைத்துக் கொண்டே போகிறது. வெயில் காலத்தில் தூசியோடு தூசியாகக் கிடக்கும். முதல் மழைத் தூறல் விழட்டும். ரோடு கண்ணாடியாகி விடும். சிக்னல் பக்கத்தில் இரு சக்கர வண்டிகள் சறுக்கி விழுவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? "மழையில் வழுக்கி விழுந்தார்" என்று நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். வழுக்கியது மழை மட்டும்தானா என்று இப்போது சந்தேகம் வருகிறது.

என்ன செய்ய வேண்டும்?

பெரியவரிடம் கேட்டு எழுதியது இது. வெட்டிப் பர்சில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. ஆயிலும் ஃபில்டரும் வாங்கும்போதே டிரெயின் போல்ட் வாஷரும் சேர்த்து வாங்குங்கள். கார் பெயர், மாடல், வருஷம் சொல்லி வாங்குங்கள். பல கார்களுக்கு 14 மில்லி மீட்டர் போல்ட். சிலவற்றுக்கு 12. "கிட்டத்தட்ட சரியா இருக்கு" என்று கொடுப்பதை வாங்காதீர்கள்.

2. எல்லா வண்டியும் ஒன்றல்ல. சிலவற்றில் அலுமினியம், சிலவற்றில் செம்பு, சிலவற்றில் இரும்பு வளையத்தோடு ரப்பர். சில வண்டிகளில் வாஷர் போல்ட்டோடு சேர்ந்தே வரும், போல்ட்டையே மாற்ற வேண்டும். சில புது வண்டிகளில் பிளாஸ்டிக் மூடி. கம்பெனி புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

3. பழைய வாஷர் சில சமயம் போல்ட்டோடு வராது. சம்ப்பின் அடியிலேயே ஒட்டிக் கொண்டு நிற்கும். கவனிக்காமல் அதன் மேலேயே புதுசையும் மாட்டிவிட்டால் இரண்டு வாஷராகி ஒழுகும். பழசு கைக்கு வந்ததா என்று பார்த்த பிறகே புதுசு.

4. வாஷருக்குப் பதிலாக டேப் சுற்றுவது, பசை தடவுவது, இரண்டு பழைய வாஷரை ஜோடி போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பிய்ந்து வரும் துணுக்கு என்ஜினுக்குள் போய் ஆயில் வழியை அடைக்கலாம்.

5. போல்ட்டை முதலில் கையால் மரையேற்ற வேண்டும். எடுத்ததும் ஸ்பேனர் போட்டால் மரை கோணலாக ஏறிவிடும். கடைசிப் பிடிப்புக்குத்தான் ஸ்பேனர். பைப்பைச் சொருகக் கூடாது.

6. வேலை முடிந்ததும் என்ஜினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு, அணைத்துவிட்டு, அடியில் பாருங்கள். ராத்திரி நிறுத்தும் இடத்தில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அட்டை சாட்சி சொல்லும்.

7. பொட்டு விழுந்தால் "இன்னொரு சுற்று" கேட்காதீர்கள். பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரை போயிருந்தால் மறைக்க வேண்டாம். புது மரை போடவும் வழி உண்டு, சம்ப் மாற்றவும் வழி உண்டு. இரண்டுமே என்ஜினை விட மலிவு.

ஷெட் வைத்திருக்கிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிக்கடி வரும் வண்டிகளுக்கான வாஷர்களைப் பத்துப் பத்தாக வாங்கி ஒரு கம்பியில் கோத்துக் கடை வாசலில் தொங்க விடுங்கள். பூமாலை மாதிரி! பக்கத்தில் விலையை எழுதுங்கள். கேட்கிறவனுக்கு விளக்கம் சொல்லுகிற வேலை மிச்சம். உங்கள் ஷெட்டுக்கு நல்ல பெயர்.

ஒரே ஒரு கேள்வி

போன வாரம் டிரைவரைப் பார்த்தேன். வண்டி இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. இப்போது வேறொருவர் வண்டியை ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். புது வாஷர், இரண்டு!

"வண்டி வந்ததும் போடணும் சார். இப்பவே வாங்கி வெச்சுட்டேன். ரெண்டும் சேர்ந்து அறுபது ரூபா கூட ஆகலை" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நானும் போன ஞாயிற்றுக்கிழமை பைக்குக்கு ஆயில் மாற்றினேன். வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம் கையை நீட்டினேன். "பழைய வாஷர் எங்கே அண்ணே?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் பனியன் வேஸ்டில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். நசுங்கி, மெலிந்து, பள்ளம் விழுந்திருந்தது. அதே மாதிரி!

வாசகர்களே, நீங்கள் என்ஜினீயர் ஆக வேண்டாம். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். அடுத்த தடவை காசு கொடுப்பதற்கு முன்பு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்.

"பழைய வாஷர் எங்கே?"